ஆளு முன்னாடி நிக்கணும்

எண்ணூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவள் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் முடிந்து வருகிறாள். அவன் லுங்கியில் மீன்வாடை.

"தமிழ்ல 'கடலுக்குப் போயிருக்காரு'ன்னாப் போதும். இங்கிலீஷ்ல ஆளு முன்னாடி வந்து நிக்கணுமாம். அப்புறந்தான் இன்னா பண்றாருன்னு சொல்லணுமாம்."

"அப்ப என் பேரைச் சொல்லு."

"போய்யா. 'ஹி'ன்னு சொன்னாப் போதும்."

"அது ஊர்ல கீற எல்லா ஆம்பளைக்குந்தானே?"

"கண்ணாலம் ஆன நாளா உன் பேரு என் வாயில வந்துகீதா? ரேஷன் கடையிலகூட பசங்களத்தான் சொல்லச் சொல்வேன்."

"நாளைக்கு கிளாஸ்ல எழுந்து சொல்லணும்னியே? பசங்களா வருவாங்க?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் இரைச்சலில் கேட்டும் கேட்காமலும் சொன்னாள்.

"ஏழுமலை... கோஸ் டு சீ."

அவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"தப்பா?"

"கத்திவாக்கம் எறங்கு!" கண்டக்டர் கத்தினார். அவள் எழுந்தாள். அவன் எழவில்லை.

"எறங்கலையா?"

"அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்துக்கலாம். குந்து. இன்னொண்ணு சொல்லு."