சுவரிலிருந்து ஒன்றரை அடி

— ...சரி, யார்னு தெரியாதுன்னே வச்சுக்குவோம். உன்மேல யாருக்காவது கோபம் இருக்கா? அதையாவது சொல்லு அக்கா.

— தையக்காரி மேல யாருக்குடா கோபம் இல்ல? இறுக்கமா இருக்குன்னு ஒருத்தி, தொளதொளன்னு இருக்குன்னு ஒருத்தி. நீ முதல்ல உக்காரு. குறுக்கும் நெடுக்கும் நடந்து என் வெளிச்சத்த மறைக்கிற.

— உக்கார நேரமில்ல. இதக் கேளு. 'இந்தத் தெருவின் முதல் கடையான தையற்கடையின் தகரக் கூரை தெருவுக்குள் நீண்டிருக்கிறது. நகராட்சி ஆய்வாளரின் கண்ணுக்கு மட்டும் அது தெரியவில்லை.' என் கண்ணுக்கு மட்டும் தெரியலயாம்! நக்கலப் பாத்தியா?

— நல்லாத்தான் எழுதியிருக்காங்க.

— அக்கா!

— சரி, சரி... பேர் போட்டிருக்கா?

— இல்ல. மொட்டைக் கடுதாசி. புகார்ப் பெட்டிய நான் திறக்கிறதால தப்பிச்சேன். வேற யார் கையிலயாவது கிடைச்சிருந்தா... பேரில்லாததுன்னா எடுத்துக்கணும்னு கட்டாயமில்ல. கிழிச்சுப் போட்டுடலாம்.

— கிழிச்சா, பேர் போட்டு இன்னொண்ணு வரும்.

— உனக்கெப்படித் தெரியும்?

— எழுதறவங்க ஒண்ணோட நிறுத்துவாங்களா? அந்தக் கத்தரிய எடு. அது இல்லடா, பெருசு.

— இந்தா. இங்க பாரு, எனக்கு ஒரு யோசனை. விதியில 'நிரந்தரக் கூரை'ன்னுதான் இருக்கு. தகரத்தக் கழட்டிட்டுத் துணியக் கட்டிடு. துணிய யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. நாளைக்கு வந்து அளக்கறேன்.

— தெருவோட அந்தக் கடைசியில செருப்புத் தைக்கிறாரே, அவருக்கு இந்த யோசனையச் சொன்னியா?

— அவர்... அன்னிக்கு எனக்குத் தோணல.

— தோணாது. எங்க போய்த் தோணும்?

— அக்கா, நானா விதி போட்டேன்? சுவத்துலேர்ந்து ஒன்றரை அடி. அதுக்கு மேல இருந்தா எடுக்கணும். அவரோடது மூணு அடி இருந்துச்சு. எடுத்தேன். என் வேலை அது.

— எடுத்தது தப்புன்னு யாருடா சொன்னா? மழைக்காலத்துல அந்தப் பக்கம் பொம்பளைங்க நடக்கிறதுக்கு வழியே இருக்காது. இப்ப நல்லா இருக்கு. டேப்ப இழுத்து இழுத்து விடாத, எரிச்சலா வருது.

— அப்புறம் என்ன?

— ஒண்ணுமில்ல. அவர் இப்பக் குடைய முதுகுல சாய்ச்சுக்கிட்டு வேலை செய்யறார். காத்தடிச்சா ஒரு கையில குடை, ஒரு கையில ஊசி. அதச் சொன்னேன்.

— எனக்கும் தெரியும். அந்தப் பக்கமே போறதில்ல நான்.

— அதான. தெருவையே சுத்திக்கிட்டு வர்ற. ஆமா... எப்பவும் இந்த முனையிலேர்ந்துதான அளப்பீங்க? ஒண்ணாம் நம்பர்லேர்ந்து? இந்தத் தடவை என்ன, அந்தக் கடைசியிலேர்ந்து?

— அது... அந்தப் பக்கம் நெரிசல் ஜாஸ்தி.

— ஓஹோ.

— என்ன ஓஹோ?

— ஓஹோன்னா ஓஹோ. அளக்கிறியா, இல்ல நான் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் முடிக்கட்டுமா?

— உண்மையாவே அளக்கச் சொல்றியா? கூரை போச்சுன்னா மிஷின உள்ள தள்ளணும். உள்ள பட்டப்பகல்லயே லைட் போடணும். உனக்கு இருக்கிற கண்ணுக்கு ஊசியில நூல் கோப்பியா? வெளிச்சத்துக்குத்தான இத்தன வருஷம் வாசல்ல உக்காந்த?

— என் கண்ணு, என் ஊசி. நீ அள.

— சரி... கடைக்காரர்தான் டேப்போட நுனியப் பிடிக்கணும். வா. அங்க இல்ல, இங்க வை.

— அது வாசக்கால். சுவர் உள்ள இருக்கு.

— தெரியுது, வை. அரை அடியாவது குறையட்டும்.

— எல்லார் கடையிலயும் வாசக்கால்லதான் வச்சியா?

— இல்ல... சுவத்துலதான்.

— நான் சுவத்துல வைக்கிறேன். நீ அந்த நுனிக்குப் போ. ம்... என்ன வருது?

— நாலு அடி ரெண்டு அங்குலம்.

— கூரை போட்டவர் கஞ்சத்தனமே பண்ணல. எழுது.

— சிரிக்காத அக்கா. எழுதிட்டேன்னா நாளைக்குக் காலையில ஆளுங்க வந்துடுவாங்க. அவங்களோட நானும் வந்து நிக்கணும்.

— நில்லு. மத்த கடைக்கெல்லாம் நின்னல்ல. எங்க போடணும் கையெழுத்து? இங்கயா?

— கடைக்காரர்னு இருக்கே, அங்க... ம்.

— போட்டாச்சு. இப்பவாவது உக்காருடா. மூஞ்சி வேர்த்துக் கொட்டுது.

— அக்கா... எனக்குக் கையப் பிடிச்சு எழுதச் சொல்லிக்கொடுத்தவளே நீ. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? பெட்டியத் திறந்தப்பவே தெரிஞ்சுபோச்சு.

— தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் யாரு யாருன்னு என்னத் துளைச்ச?

— 'நான் எழுதல'ன்னு நீ ஒரு பொய் சொல்லுவன்னு பாத்தேன். சொன்னா நம்பின மாதிரி கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடலாம்னு.

— சொல்லுவேனா?

— சொல்லலயே. ஆமா, வேணும்னேதான் அந்தக் கடைசியிலேர்ந்து ஆரம்பிச்சேன். கூரைய எடுக்கச் சொன்ன உத்தரவு இந்த மாசத்தோட முடியுது. இங்க வந்து சேர்றதுக்குள்ள மாசம் போயிடும், உன் கூரை தப்பிச்சிடும்னு... உனக்காகத்தான் அக்கா. தப்புன்னா கூப்பிட்டுக் கன்னத்துல ரெண்டு வச்சிருக்கலாமே. ஊரான் மாதிரி எதுக்குக் கடுதாசி?

— நேர்ல சொன்னா நீ ஒரு சமாதானம் சொல்லுவ. நானும் என் கண்ண நெனச்சு, சரின்னு கேட்டுக்குவேன். அதான்... போன வாரம் அந்தச் செருப்புக்காரர் இங்க வந்தார்டா. திட்டத்தான் வர்றார்னு மிஷின நிறுத்திட்டு எழுந்து நின்னேன். 'உங்க கூரைய எப்படியும் எடுக்க மாட்டாங்க, ஓரமா நானும் கொஞ்சம் உக்காந்துக்கட்டுமாம்மா'ன்னு கேட்டார். கோபமாக்கூடக் கேக்கல.