தேனும் பட்டைத்தூளும்

ரோஜாக் குச்சி வேர் பிடிக்கத் தேனைவிட நல்ல மருந்து கிடையாது, தம்பி. கடையில் டப்பாவில் விற்கிற பொடியை நான் தொட்டதே இல்லை. குச்சியைக் கற்றாழைச் சாற்றில் ஊறவைத்து, அடிமுனையில் தேன் தடவி, பட்டைத்தூளில் புரட்டி நட வேண்டும். பூசணம் அண்டாது. கொழுந்தனிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டோமே என்று அண்ணி பதறுவாள் என எதிர்பார்த்தீர்கள் போல. நீங்கள் தொட்டியிலிருந்து பிடுங்கிய குச்சி தலைகீழாகத்தான் இருந்தது. நானே சொல்கிறேன், நடுவில் பேசாதீர்கள்.

உங்கள் மனைவி இந்த வீட்டுக்கு வரும்வரை எனக்குப் பேச்சுத்துணை யார்? உங்கள் அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு செய்தித்தாளோடு குடித்தனம் நடத்துகிறார். உங்கள் அம்மா பேசுவார். எல்லாம் உப்பு கூடியது, புளி குறைந்தது என்கிற பேச்சு. அவள் வந்த பிறகுதான் சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமியார் நடப்பதைப் போல் நான் நடந்து காட்டினால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். அப்படிப்பட்டவளைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போகிறேன் என்றீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

வழியை அவளே காட்டினாள். அவளுடைய அம்மா வளர்த்த ரோஜா அது. அம்மா போன பிறகு வேரோடு கொண்டுவந்து நம் கொல்லையில் வைத்தாள். இன்னொரு முறை பிடுங்கினால் தாங்காது, குச்சி வெட்டித்தான் புது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். "எங்கம்மாவ இங்க விட்டுட்டு நான் மட்டும் எப்படிங்க வர்றது? குச்சி வேர் பிடிக்கட்டும், அப்புறம் போலாம்" என்று உங்களிடம் சொன்னாளே. பிறகு என்னிடம் வந்து, "அக்கா, உங்க கைராசிக்கு எதுவும் பொழைச்சுக்கும். நீங்களே நட்டுக் குடுங்க" என்றாள்.

நட்டுக் கொடுத்தேன். தேனிலும் பட்டைத்தூளிலும் கஞ்சத்தனமே காட்டவில்லை. எல்லாவற்றையும் மேல்முனையில் பூசி, அந்த முனையை மண்ணுக்குள் விட்டேன், அவ்வளவுதான். முள் சாய்ந்திருக்கிற பக்கத்தைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும் என்று முள்ளையெல்லாம் கிள்ளி எறிந்தேன். "உன் கையில குத்திடக் கூடாதுல்ல" என்றேன். இவ்வளவு அக்கறையா என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. குச்சி காயும், அடுத்ததை வெட்டுவோம். வீட்டில் தேன்தான் தீர்ந்தது.

ஆனால் தாய்ச்செடி வெட்ட வெட்டத் துளிர்த்தது. உங்கள் மாமியார் வளர்த்ததாயிற்றே, பிடிவாதம் இருக்கத்தானே செய்யும். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுக்காரி, "நானும் ஒரு குச்சி நட்டுப் பாக்கட்டுமா?" என்று கிளம்பினாள். அவள் எதையும் நேராக நட்டுத் தொலைப்பவள்.

அன்றைக்கு உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன். நல்ல சத்து, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும். நான் ஆற விடவில்லை. மறுநாளும் உருளைக்கிழங்குதான் சமைத்தேன். நீங்கள்கூட இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

செடி கருகியதும் அவள் மண்ணில் உட்கார்ந்து, அம்மா இப்போதுதான் இறந்ததைப் போல அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. மடியில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தேன். "இனிமே எனக்கு அம்மா நீங்கதான்கா. நான் எங்கயும் போகல" என்றாள். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் எனக்கு அவ்வளவு இனிப்பாக எதையும் சொன்னதில்லை.

போய் அவளிடம் சொல்லுங்கள், தம்பி. நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஏற்கெனவே ஓர் அம்மாவைப் பறிகொடுத்தவள் அவள். இன்னோர் அம்மாவையும் அவளிடமிருந்து பறிக்க உங்களுக்கு எப்படித்தான் மனசு வருகிறது?