நான்கு வரிகளுக்குக் கீழே

பெயரும் விலாசமும் முதல் தாளில் சொன்னபடி. வயது முப்பத்தொன்று. குடும்ப ஆலோசனை மையத்தில் கணினி வேலை பார்க்கிறேன். அங்கே எல்லோருக்கும் நான் 'கம்ப்யூட்டர் தம்பி'. யாரும் ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை, நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் மையத்துக்கு வரும் கணவன் மனைவியிடம் ஆலோசகர் அக்கா தனித்தனியே பேசுவார். அவர்கள் சொல்வதை ஆளுக்கொரு கோப்பாகத் தட்டச்சு செய்து வைப்போம். அவரவர் சொன்னதை மட்டும் அவரவருக்குப் பென்டிரைவில் நகலெடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. நகலெடுக்கும் கட்டளை கணினியிலேயே உண்டு. ஆனால் நான் அப்போது சி மொழி படித்துக்கொண்டிருந்தேன். என் புரோகிராமில்தான் ஆபீஸ் ஓடுகிறது என்று சொல்லிக்கொள்ளும் மண்டைக்கனத்தில் சொந்தமாக ஒன்றை எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்து, "இருக்கறதையே எதுக்குத் தம்பி மறுபடி செய்யற? வேற வேலையே இல்லையா உனக்கு?" என்று சிரித்தார்.

அந்தப் புரோகிராம் அன்றன்று சேர்ந்த கோப்புகளை வரிசையாக எடுத்துக்கொள்ளும். அசலைத் திறக்கும், ரீட் என்ற அழைப்பால் கொஞ்சம் படித்து நினைவகத்தில் ஒரு பெட்டியில் வைக்கும், அதன் பிறகு ரைட் என்ற அழைப்பால் அதை நகலில் எழுதும், தீர்ந்ததும் இரண்டையும் மூடிவிட்டு, பெட்டியைத் துடைக்காமலே அடுத்த கோப்புக்குப் போகும். எவ்வளவு படித்தேன் என்று ரீட் ஓர் எண்ணைத் திருப்பிச் சொல்லும். அந்த அளவு மட்டும் எழுதும்படி ரைட்டிடம் சொல்ல வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் பெட்டியின் முழு அளவையே கொடுத்துவிட்டேன். பழைய எழுத்து நிறைந்த சிலேட்டில் மேல்பாதியை மட்டும் துடைத்துப் புதிதாக எழுதிவிட்டு, பிறகு முழுச் சிலேட்டையும் பார்த்து எழுதியது போல.

சோதித்தபோது நகல் அசலைவிடப் பெரிதாக இருந்தது. ஒன்றில் நடுவில் இருந்த வரிகள் கடைசியில் மறுபடி வந்திருந்தன. குறையவில்லை, கூடத்தானே செய்திருக்கிறது என்று விட்டுவிட்டேன். அங்கேதான் என் புத்தி கெட்டுப்போனது.

அதன் பிறகு ஒருநாள், கணவரைவிட்டு வெளியேறியிருந்த ஒரு பெண்மணி வந்து வெகுநேரம் பேசினார். அவருடைய கணவர் அதே நாள் வேறு நேரத்தில் வந்து நான்கே வரி சொன்னார், தான் எந்தக் குறையும் வைக்கவில்லை என்று. என் புரோகிராமில் இரண்டு கோப்புகளும் அடுத்தடுத்து ஓடின, மனைவியுடையது முதலில். கணவர் தன் நகலைக் கேட்டார், கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனவர், அந்த வாரமே மனைவி தங்கியிருந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, திறந்த மனைவியை வாசலிலேயே அடித்துப் போட்டார்.

அந்த விலாசத்தை அந்தப் பெண்மணி அக்காவிடம் மட்டுமே சொல்லியிருந்தார். அதனால் அக்காவைப் போலீசார் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், மையமும் வேலைக்கு வர வேண்டாம் என்றது. அதன் பிறகுதான் எனக்குச் சந்தேகம் தட்டி, கணவருக்குக் கொடுத்த நகலில் என் கணினியில் தங்கியிருந்த பிரதியைத் திறந்தேன். அவருடைய நான்கு வரிகளுக்குக் கீழே ஒரு சிதைந்த எழுத்து. அதன் கீழே தெருப் பெயர், வீட்டு எண். "இந்த இடம் அவருக்குத் தெரியாது. இங்கு வந்த பிறகுதான் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறேன்" என்று இருந்தது.

போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் புரோகிராமில் அளவைக் குறிக்கும் அந்த ஒரு சொல்லைத் திருத்தி, பழைய நகல்களை அழித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டேன். பயம்தான், வேறு காரணம் எதுவும் சொல்வதற்கில்லை.

அதன் பிறகு அக்கா அந்தப் பெண்மணியைப் பார்க்க வேண்டும் என்றார். என் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வார்டு வாசலில் நர்ஸ் அக்காவை மறித்து, "உங்கள மட்டும் உள்ள விடக் கூடாதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க" என்றார். அக்கா திரும்பி நடந்தார். திரும்பி வரும் வழியில், பின்னால் உட்கார்ந்தபடியே, "நான் என்னையறியாம எங்கயாவது உளறிட்டேனா தம்பி? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஒண்ணும் ஞாபகம் வரல. ஆனா நான்தானே சொல்லியிருக்கணும், வேற யாரு?" என்றார். "விடுங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

கணவரிடமிருந்து கைப்பற்றிய பென்டிரைவ் இந்த நிலையத்தில்தான் இருக்கிறது. அவருடைய கோப்பைத் திறந்து நான்கு வரியோடு நிறுத்தாமல் கீழே இறக்கிப் பாருங்கள். எனக்கு என்ன தண்டனையோ அது பிறகு. முதலில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போய், அக்கா சொல்லவில்லை என்று அந்தப் பெண்மணியிடம் சொல்ல வேண்டும்.

அக்காவிடம் இதை இன்னும் நான் சொல்லவில்லை. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தனக்காகப் பரிந்து பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து, உள்ளே வரும்போது என் கையைப் பிடித்து, "நீயாவது என்னை நம்பறியே" என்றார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)