கடலைக்காரருக்கு வயது முந்நூற்றைம்பது

டீயைக் கொட்டியது என் கைதான், சார். அதை மறைக்கமாட்டேன். ஏலத்துக்கு வந்திருந்த எண்ணெய்ச்சாய ஓவியத்தின் மேல் அரை டம்ளர் போய்விட்டது. பதறிப்போய்ப் பெயிண்ட் கரைக்கும் தின்னர் விட்டுத் துடைத்தேன். டீயோடு மூலையிலிருந்த கையெழுத்தும் போயிற்று. குமணன்சாவடியில் ஒரு பழம்பொருள் ஏலக் கம்பெனியின் கலை நிபுணர் நான். வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கக்கூட மனைவி விடமாட்டாள். அந்த வகை நிபுணர்.

பெயரில்லாத படம் அநாதைப் பிள்ளை மாதிரி. எனக்கோ இளகிய மனசு. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒரு டச்சு மேதையை அதற்குத் தகப்பனாக்கினேன். அவர் தரப்பில் ஆட்சேபம் எதுவும் வரவில்லை. ஏலப் பட்டியலில் ‘அறிஞர் ஒருவரின் உருவம்’ என்று போட்டோம். ஆரம்ப விலை இரண்டு கோடி.

பார்வைக்கு வைத்த அன்று திருநின்றவூரிலிருந்து டேவிட் வந்தான். கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"அண்ணாத்தே, இது நான் போட்டது. கல்யாணத்துக்கு முன்னாடி. இவரு இன்னா அறிஞரு? வேப்பம்பட்டு ஸ்டேஷன்ல கடல வித்துகினு இருந்த பரந்தாமன் நைனா!"

கோட்டு போட்ட நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"துட்டு வாணாம். பேரு மட்டும் போட்டுடு" என்றான்.

துட்டு கேட்டிருந்தால் கொடுத்துத் தொலைத்திருப்பேன். தின்னரில் போனதும் அந்தப் பேர்தான். எனக்கு நன்றாக நினைவிருந்தது.

போலீசில் பிடித்துக் கொடுக்க மனம் வரவில்லை. முந்நூற்றைம்பது வருஷத்துப் படத்தைத் தான் வரைந்ததாக ஒருவன் சொன்னால் அது குற்றமா, சார்? நோய். அவன் மனைவி ஷைலாவிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

"நல்லாத்தான கீறாரு சார்? சும்மா படம் போடுவாரு, அவ்ளோதான்."

"அப்படித்தாம்மா ஆரம்பிக்கும்."

டாக்டருக்கு நிபுணர் என்ற முறையில் ஒரு கடிதம் எழுதினேன். ஷைலா அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். மனநலக் காப்பகத்தில் சேர்த்தோம். செலவு என்னுடையது, அதை இதுவரை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. மறுவாரம் படமும் நல்ல விலைக்குப் போனது.

எட்டு மாதமாக, ஞாயிறு தவறாமல் பன் வாங்கிக்கொண்டு போகிறேன். "அந்தப் படம் யார் வரைஞ்சது, டேவிட்?" என்று கேட்பேன். "நான்தான் அண்ணாத்தே" என்பான். மருந்தைக் கூட்டச் சொல்லிவிட்டு வருவேன். கை நடுங்க ஆரம்பித்த பிறகு பிரஷ் கேட்பதை அவனாகவே விட்டுவிட்டான்.

போன ஞாயிறுதான் கடைசியில் உண்மையைச் சொன்னான். பன்னைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் இல்ல சார். நான் படமே போட்டதில்ல."