கட்டுச்சோறு கெடாத தூரம்

மாப்பிள்ளை, கல்யாண மேடையில உக்காந்துக்கிட்டு வாட்சைப் பாக்காதீங்க... ஒரு சின்னக் கதை, அத மட்டும் சொல்லிட்டு மைக்கைக் கொடுத்துடறேன்.

சங்கரன்கோவில்ல கோமதிநாயகம்னு ஒருத்தர். அவரு குடும்பத்துல பரம்பரையா ஒரு சட்டம். என்ன சட்டம்? கட்டிக் கொடுத்த சோறு கெடுறதுக்குள்ள போய்ச் சேர்ற ஊர்லதான் பொண்ணக் கொடுக்கணும். அதுக்கு மேல தூரமா... கிடையவே கிடையாது!

அவரு மக சிந்துஜா ஒரு நாள் வந்து நிக்குது. "அப்பா, கதிரேசன்னு ஒருத்தர். கட்டினா அவரத்தான் கட்டுவேன். வேலை ஆக்லாந்துல."

"அது எங்கம்மா இருக்கு? கோயம்புத்தூர் தாண்டியா?"

"நியூசிலாந்துப்பா. சென்னையிலருந்து பிளேன்ல பதினோராயிரம் கிலோமீட்டர்."

மனுசன் அப்படியே உக்காந்துட்டாரு. "பதினோராயிரமா! ...முடியாது!"

பொண்ணு அழுவுது. சாப்பிட மாட்டேங்குது. அப்பத்தான் அவரு சம்சாரம் வேலம்மா வாயத் திறந்தாங்க. "ஏங்க... உங்க சட்டம் கிலோமீட்டரா, சோறா?"

"சோறுதான்."

"அப்ப சோத்த வச்சே பாத்துருவோம்."

புளியோதரையைக் கிண்டி, வாழையிலையில கட்டி வச்சாங்க. பிளேன் மாறி அங்க போய் இறங்க எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் அது அப்படியே இருந்துச்சு. மறுநாள் பிரிச்சாங்க. கோமதிநாயகம் மோந்து பாத்தாரு... கெடல. ஒரு வாய் வச்சாரு. நேத்தைவிட ருசி! இன்னொரு வாய்... இன்னொரு வாய்... பொட்டலம் காலி. "சரி, கொடுத்துரலாம்"னாரு.

மக குதிக்குது. வேலம்மா மட்டும் சிரிக்கல. "இன்னொண்ணு கேக்கணுங்க. உங்க தங்கச்சி ஆவுடையம்மா இருக்கறது சுரண்டை. பஸ்ல ஒரு மணி நேரம். சோத்துல சூடுகூட ஆறாது. நீங்க அங்க போயி எத்தனை வருசமாச்சு?"

ஏன் போகல? தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் இவரு. இவரு மடியில வச்சுத்தான் குத்தணும். ஆனா பத்திரிகையில இவரு பேரு மூணாவதா வந்துட்டுதாம்! சிரிக்கிறீங்களா? சிரிங்க... உங்க வீட்டுலயும் இது நடந்திருக்கு.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துச்சு. முதல் பத்திரிகைய எடுத்துக்கிட்டு சுரண்டைக்கு பஸ் ஏறினாரு. வாசல்ல நிக்காரு. உள்ள வைக்கக் கால் வரல. ஆவுடையம்மா ஓடி வந்து கையப் புடிச்சுக்கிட்டாங்க. "வாங்கண்ணே!" கண்ணத் தொடச்சுக்கிட்டு அவரு சொன்னாரு, "ஆக்லாந்துல கொடுக்கேன்மா... ரொம்ப தூரம்."

தங்கச்சி என்ன சொன்னாங்க தெரியுமா?

"என்னண்ணே பெரிய தூரம்... நீங்க சுரண்டைக்கே வந்துட்டீக!"

புரியுதாங்க? பதினோராயிரம் கிலோமீட்டர பைலட் பாத்துக்குவாரு. காசு கொடுத்தா டிக்கெட் கிடைக்கும். ஆனா அந்த சுரண்டைத் தூரம் இருக்கே... அதுக்கு எந்த பைலட்டும் வரமாட்டாரு. நாமதான் எந்திரிச்சுப் போகணும்.

இந்தப் பொண்ணும் கடல் தாண்டித்தான் போகப்போகுது. பெத்தவங்களே, கலங்காதீங்க. போக மனசிருக்கிறவங்களுக்கு அது பக்கம்தான். மத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மண்டபத்துலயே முகத்தத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கிற சொந்தம் யாராவது இருக்கும்ல... இன்னைக்குப் பந்தியில அவங்க பக்கத்து இலையில போய் உக்காருங்க.