மீட்டர் காட்டிய தூரம்

என் காரில் மைலேஜ் காட்டும் இடத்தின் மேல் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். பக்தி என்று என் மனைவி பெலிண்டா நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்த எண்ணைப் பார்க்கப் பிடிக்காது, அவ்வளவுதான். மைலேஜ் தெரிய வேண்டுமென்றால் டேங்க்கை நிரப்புவேன், ஓட்டுவேன், மறுபடி நிரப்புவேன். ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். அதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நீங்கள் கேட்டதால் இதிலிருந்து தொடங்குகிறேன் சார். மீட்டர் டீசலை அளக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அளப்பதில்லை. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அந்த நேரத்தில் இவ்வளவு டீசல் போயிருக்கும் என்று அது ஊகிக்கிறது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டியில் அந்த ஊகம் ஏறக்குறையச் சரியாக இருக்கும். இழுவைக்காக இன்ஜெக்டர் முனையில் பெரிய துளை உள்ள நாசில் மாட்டினால், அதே நேரத்தில் டீசல் கூடுதலாகப் போகும். கம்ப்யூட்டருக்கு அந்த விஷயம் தெரியாது. பழைய கணக்கையே போட்டு, மைலேஜ் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

என் தொழில் அதுதான். அரியமங்கலத்தில் என் பட்டறை. பிரிட்டோ கை வைத்தால் வண்டி ஏற்றத்தில் திணறாது என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மையும்கூட.

கலைமதி மேடம் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். கணவர் போன பிறகு லாரிகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மற்ற முதலாளிகளைப் போலக் கத்த மாட்டார். டிரைவரை 'மூக்கண்ணே' என்றுதான் கூப்பிடுவார். மூக்கன் அவர் கணவர் காலத்திலிருந்தே அந்த வண்டியை ஓட்டியவர், மருங்காபுரிப் பக்கத்துக்காரர். மேடம் வண்டியை என்னிடம் கொண்டுவந்தபோது, "இழுவையும் வேணும், மைலேஜும் குறையக் கூடாதுங்க" என்றார். இரண்டும் சேர்ந்து வராது. அதைச் சொல்லியிருந்தால் அவர் வேறு பட்டறைக்குப் போயிருப்பார். அங்கேயும் இதையேதான் செய்திருப்பார்கள், ஒழுங்கில்லாமல் செய்திருப்பார்கள்.

இழுவையை நாசிலில் கொடுத்தேன். மைலேஜை மீட்டரில் கொடுத்தேன். தானாகக் கூடிக் காட்டுவது போதவில்லை என்று புரோகிராமில் இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்தேன். அதை நான் திருத்தம் என்றுதான் சொல்வேன். மேடம் ரொம்பச் சந்தோஷப்பட்டார். தெரிந்தவர்களிடமெல்லாம் என் பெயரைச் சொன்னார். அவர் சொல்லி வந்த வண்டிகளுக்கும் அதே வேலையைச் செய்து கொடுத்தேன்.

மீட்டர் நன்றாகக் காட்டினாலும் டேங்க் சீக்கிரம் காலியாகத்தானே செய்யும். நடுவில் குறைகிற டீசல் எங்கே போகிறது? முதலாளிக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றும். மேடத்துக்கு அது தோன்றவே கொஞ்ச காலம் ஆயிற்று. தோன்றிய பிறகும் அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. என்னிடம்தான் வந்து கேட்டார்.

"மீட்டர் தப்பா காட்டுமாங்க? மூக்கண்ணனை நான் எப்படிங்க சந்தேகப்படுறது?"

"மீட்டர்ல தப்பு வராது மேடம்" என்றேன். 'அவர் திருடுகிறார்' என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மூக்கனும் பட்டறைக்கு வந்தார். அவருக்கு என்மேல் கோபம் எதுவும் இல்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். கிரீஸ் படிந்த பட்டறைக்குள் யாரும் அப்படி வர மாட்டார்கள்.

"சார், அம்மா முன்ன மாதிரி மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டேங்குறாங்க. நான் ஒரு சொட்டு எடுத்தது கிடையாது. மிஷினைப் பத்தி உங்களுக்குத் தெரியும். மீட்டரும் தப்பாகலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

"சொல்றேங்க" என்றேன்.

"பங்க்குல நிரப்பிட்டு ஓட்டி, திரும்ப நிரப்பிப் பாத்துடலாம் சார். அம்மாவே கூட வரட்டும்."

சரியான யோசனைதான். நான் என் காருக்குச் செய்வதும் அதைத்தான். அப்படிச் செய்தால் ஒரே நாளில் விஷயம் வெளியே வந்துவிடும். கலைமதி மேடத்தின் வண்டிகள் போகும், அவர் சொல்லி வந்த வண்டிகளும் போகும். அதனால் மேடத்துக்கு நான் வேறு யோசனை சொன்னேன். பச்சைமலைக்கு மேலே ஒரு கட்டட வேலைக்குச் சிமெண்ட் போக வேண்டியிருந்தது. டேங்க்கைச் சுத்தமாக வடித்துவிட்டு, போய்வர மீட்டர் கணக்குப்படி எவ்வளவு வேண்டுமோ அந்த அளவு மட்டும் ஊற்றி, மூடியைப் பூட்டி சீல் வைத்து அனுப்புங்கள் என்றேன். திரும்பி வந்துவிட்டால் அவர் யோக்கியர். வழியில் நின்றுவிட்டால் உங்களுக்கே புரிந்துவிடும்.

மேடம் தயங்கினார். "பூட்டி அனுப்புனா அவரு மனசு சங்கடப்படுமே" என்றார். மூக்கனே அவரைச் சமாதானப்படுத்தினார். "பூட்டுங்கம்மா. நல்லதுதான். எம்மேல உள்ள பழி தீந்துடும்."

அவர் கிளம்பும்போது நானும் அங்கே இருந்தேன். கேபினில் சீட்டுக்குப் பின்னால் ஒரு கேனில் டீசல் இருந்தது. வழியில் ஆத்திர அவசரத்துக்கென்று எல்லா டிரைவர்களும் வைத்திருப்பதுதான். அதை இறக்கி வைக்கச் சொன்னேன். அது இருந்தால் சோதனைக்கு அர்த்தமில்லை. கிளீனரும் வேண்டாம் என்றேன். இரண்டு பேர் சேர்ந்தால் எதையும் செய்யலாம் என்று மேடத்திடம் காரணம் சொன்னேன். உள்ளபடி சொன்னால், சீல் உடையவில்லை என்று சொல்ல ஒரு சாட்சி இருப்பது எனக்கு வசதியாக இருக்காது.

இதுவரை நான் சொன்னதில் ஒரு மனிதரைக் கொல்லும் எண்ணம் எங்கேயும் இல்லை என்பதை நீங்களே பார்க்கலாம். துறையூர் தாண்டி எங்காவது சமவெளியில் நிற்கும் என்றுதான் நினைத்தேன். நிற்கும், திட்டு வாங்குவார், வேலை போகும். டிரைவர்களுக்கு வேறு வேலை கிடைத்துவிடும்.

அன்று மேலப்புதூரில் பெலிண்டாவின் அக்கா மகள் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கியதற்கான புதுநன்மை விருந்து. இலையில் பிரியாணி வைத்துக்கொண்டிருந்தார்கள். மூக்கன் போன் செய்தார். எழுந்து ஹாலுக்கு வெளியே வந்தேன்.

"சார், சோபனபுரத்துல நிக்கிறேன், மலை அடிவாரம். டீசல் முள்ளு அடியில படுத்துருச்சு. மீட்டரைப் பாத்தா இன்னும் ரொம்பத் தூரம் போகும்னு காட்டுது. எதை நம்புறது சார்? அம்மாவுக்குப் போட்டேன், எடுக்கல."

முள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அது டேங்க்கில் மிதக்கும் மிதவையோடு சேர்ந்தது. அதில் நான் கை வைத்ததில்லை.

"முள்ளு பழசுங்க. மீட்டரை நம்புங்க" என்றேன்.

"லோடு வண்டி சார். ஏத்தத்துல நின்னா ஆபத்து. இங்கேயே ஓரங்கட்டிட்டுப் பக்கத்துல பங்க்குல சொல்லி வாங்கி ஊத்திக்கவா? அம்மாகிட்ட அப்புறம் சொல்லிக்கிறேன்."

"சீலை உடைச்சா நீங்கதான் எடுத்தீங்கன்னு ஆயிடும். உங்க இஷ்டம்."

போனில் அவருக்குப் பின்னால் ஏதோ பஸ் ஹாரன் கேட்டது. பிறகு, "நீங்க சொன்னா சரிதான் சார். ஏறிடுறேன்" என்று வைத்துவிட்டார்.

அடிவாரத்தில் நின்றிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. டீசல் வாங்கி ஊற்றியிருப்பார்கள். எவ்வளவு தீர்ந்தது என்பது பங்க் பில்லிலேயே தெரிந்திருக்கும், சீலும் அப்போதுதான் உடைந்தது என்று ஊர் பார்த்திருக்கும். மலையில் நின்றால் அளக்க யாரும் இல்லை. இவ்வளவையும் நான் யோசித்தேனா என்று கேட்டால், யோசித்தேன். பிரியாணி ஆறுவதற்குள் யோசித்துவிட்டேன். உள்ளே போய்ச் சாப்பிட்டேன். பெலிண்டா யார் என்று கேட்டாள். ஒரு டிரைவர் என்றேன்.

வளைவுக்கு முன்னால் இன்ஜின் நின்றிருக்கிறது. அந்த வண்டியில் கைபிரேக் பிடிமானம் குறைவு. என் பட்டறைக்கு வரும் வண்டி, எனக்குத் தெரியும். அவர் இறங்கி, பின் சக்கரத்துக்குக் கல் வைக்கப் போயிருக்கிறார். அது கிளீனர் செய்கிற வேலை. வண்டி பின்னால் உருண்டு, அவர் மேல் ஏறி, பாறையில் முட்டி நின்றது. மேலே இருந்து மரவள்ளி ஏற்றிக்கொண்டு இறங்கியவர்கள் பார்த்து போன் செய்தார்கள். வண்டியைச் சோதித்த அதிகாரி பிரேக்கைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். டேங்க் காலி என்று எழுதினார். மீட்டரை யாரும் பார்க்கவில்லை.

மேடத்தோடு நானும் மருங்காபுரிக்குப் போனேன். மாலை வைத்தேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. டீசல் விஷயம் எங்களுக்கு முன்னாலேயே ஊருக்குப் போயிருந்தது. பந்தலில் ஆட்கள் குறைவாகத்தான் இருந்தார்கள். மூக்கனின் மனைவி காளியாயி அழவில்லை. எழுந்து வந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவரு எடுத்தாராம்மா?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொன்னேனே.

"போனவரைப் பத்தி இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்றேன்.

காளியாயி மேடத்தின் கையை விட்டுவிட்டார். எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. வெயில் அதிகமாக இருந்தது, அது ஞாபகம் இருக்கிறது.

வண்டியைச் சரிசெய்து கொடுத்தபோது திருத்தத்தை எடுக்கவில்லை. எடுத்தால் மூக்கன் போனதுமே மைலேஜ் இறங்கியதாகக் காட்டும், மேடம் ஏன் என்று கேட்பார். எடுக்காததால் புது டிரைவர் தைரியராஜுக்கும் டீசல் குறைய ஆரம்பித்தது. மேடம் மறுபடி என்னிடம் வந்து கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. பங்க்கில் டேங்க்கை நிரப்பி, கேபினில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். மருங்காபுரி வரை போய், காளியாயி வீட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்து, அதே பங்க்கில் மறுபடி நிரப்பினார். வழியில் தண்ணீர் குடிக்கக்கூட இறங்கவில்லையாம். நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்துவிட்டார். அவர் எழுதியிருப்பதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. மீட்டரை மாற்றியது நான். சோதனை என்று சொல்லி அனுப்ப வைத்தது நான். கேனையும் ஆளையும் இறக்கியது நான். ஏறுங்கள் என்று சொன்னதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

மற்ற வண்டிகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, அவற்றில் திருத்தம் அப்படியே இருக்கிறது. மூக்கன் இறந்த பிறகாவது எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். எடுக்கலாம் சார், கொஞ்ச நேர வேலைதான். ஆனால் மைலேஜ் திடீரென்று இறங்கினால் அந்த முதலாளிகள் யாரைச் சந்தேகப்படுவார்கள்? பாவம், அந்த டிரைவர்களை நினைத்துத்தான் விட்டு வைத்திருக்கிறேன்.