இல்லாத பாறையைச் சுற்றி

குன்னூரிலிருந்து ஊட்டி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம் தம்பதி. போனைப் பார்த்துக்கொண்டே வந்த கணவர் திடீரென்று சொன்னார்:

“புள்ள, நம்ம புது ஃபேக்டரி எட்டும், அங்க இல்லவே இல்லாத ஒரு பாறையைச் சுத்தி வளைஞ்சு கெடக்குது.”

ஃபேக்டரி கட்டும் வீடியோ கேமைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிய அருவங்காடு வரை ஆகிவிட்டது.

“மொத ஃபேக்டரியில நடுவால பாறை இருந்துச்சுங்க. அதான் சரக்கு போற பெல்ட்டை வளைச்சு விட்டேன்.”

“நீ சேவ் பண்ணி வெச்ச அந்த லேஅவுட்டைத்தான் எட்டு எடத்துலயும் பேஸ்ட் பண்ணிப்போட்டேன். அங்கெல்லாம் வெறும் பொட்டல்.”

“இருந்துட்டுப் போகட்டும். ஓடுதல்லங்க?”

“ஓடுது. ஆனா எல்லாம் நானே யோசிச்சுக் கட்டினதுன்னு உன் தம்பிகிட்டச் சொல்லிப்போட்டேன். சாயங்காலம் கேமுக்குள்ள வந்து பாக்கறேன்னான்.”

“ஐயோ! மொத ஃபேக்டரி கட்டறப்போ அந்தப் பாறையில முட்டுனதே அவன்தானுங்க! வளைவைப் பாத்ததும் கண்டுபிடிச்சிருவான்.”

“எட்டையும் அழிச்சுட்டு நேரா போட நேரமில்ல, புள்ள.”

பேருந்து ஒரு வளைவில் முனகிக்கொண்டே திரும்பியது. ஓரத்து டீக்கடையை அந்தப் பெண் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, ஒவ்வொரு வளைவுலயும் ஒரு ஷெட்டு போட்டு, டீக்கடைன்னு போர்டு வெச்சிருங்க. அதுக்காகத்தான் வளைச்சேன்னு சொல்லுங்க.”

“நம்புவானா?”

“நம்ப மாட்டான். ஆனா வளைவை நேராக்க டீக்கடையை இடிக்கச் சொல்ல அவனுக்கு மனசு வராதுங்க.”